சிவகாசியில் ஒருவர் கைதா? எங்கே விசாரிக்கலாம்?

'பட்டாசு ஆலையில் வெடி விபத்து, போர்மேன் கைது' என்று வாட்ஸ்அப்பில் வந்ததும், சிவகாசி வட்டாரத்தில் வேலை பார்க்கிறவர் வீட்டில் எழும் முதல் கேள்வி: "எந்த ஸ்டேஷன்ல வெச்சிருக்காங்க?"

அமெரிக்காவின் பல கவுன்ட்டிகளில் ஷெரீஃப் அலுவலக இணையதளத்திலேயே, பல இடங்களில் போட்டோவோடு, கைதானவர் பட்டியல் கிடைக்கும். நம்ம ஊரில் அவ்வளவு சுலபமில்லை. ஆனாலும் வழி இருக்கு.

2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்தின் 37-வது பிரிவுப்படி, கைதானவரின் பெயர், முகவரி, குற்றத்தின் தன்மை ஆகியவற்றை ஒவ்வொரு காவல் நிலையத்திலும் மாவட்டத் தலைமையகத்திலும் கண்ணில் படும்படி வைக்க வேண்டும். அதற்கென்றே ஓர் அதிகாரி பொறுப்பு. ஸ்டேஷனுக்குப் போனால் அவரைக் கேளுங்கள்.

எஃப்ஐஆர் வேண்டுமா? பாலியல் குற்றம் போன்றவை தவிர மற்றவற்றை 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்பது 2016-ம் ஆண்டு உச்ச நீதிமன்ற உத்தரவு. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் விருதுநகர் மாவட்டம், காவல் நிலையம், எஃப்ஐஆர் எண் கொடுத்துத் தேடலாம். அதில் பெயர் இருந்தாலே கைதுனு அர்த்தமில்லை; குற்றவாளி என்றும் இல்லை.

கைதானவரை, பயண நேரம் போக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்பு நிறுத்தியாக வேண்டும். வழக்கு கோர்ட்டில் பதிவான பிறகு, அதே எஃப்ஐஆர் எண்ணை இ-கோர்ட்ஸ் ஆப்பில் போட்டால் அடுத்த விசாரணை தேதி வரை தெரிந்துவிடும்.