மலையேறும் காருக்கு எந்தக் கேம் தண்டு?

வத்தலக்குண்டில் கார்ப் பட்டறை வைத்திருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் இரண்டு இரும்புத் தண்டுகளைச் சாக்கில் சுற்றி என்னிடம் கொண்டுவந்தார். இரண்டும் பிரீமியர் பத்மினி காரின் கேம் தண்டுகள். பழைய சாமான் கடைச் சரக்கு. ஒன்று சாதாரணமானது. மற்றது சோழவரத்தில் பந்தயம் ஓடிய காரிலிருந்து கழற்றியதாம், விலை மும்மடங்கு. "நாளைக்குள் பதில் சொல்லணும் சார், எதை எடுக்கட்டும்?" என்றார். அவருடைய பத்மினி வாரம் இருமுறை கொடைக்கானல் ஏறி இறங்கும் வண்டி.

சென்னைக்கு வடக்கேயுள்ள சோழவரம் விமானத் தளத்தில் முன்பு கார்ப் பந்தயங்கள் நடந்தது உண்மைதான். 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் அதற்கெனத் தனித் தடம் அமைந்தது. ஆனால் தண்டு எந்தக் காரில் ஓடியது என்பதற்குக் கடைக்காரர் சொல் மட்டுமே சாட்சி. நாம் அளந்து பார்ப்போம்.

மாணவர்களே, எஞ்சினின் கிராங்க் தண்டு இருமுறை சுற்றும்போது கேம் தண்டு ஒருமுறை சுற்றும். அதிலுள்ள முட்டை வடிவப் புடைப்புகள் டேப்பெட்டைத் தூக்க, வால்வு திறக்கிறது. பத்மினிக்கு நான்கு சிலிண்டர்கள். ஆகவே எட்டுப் புடைப்புகள்.

முதலில் வெர்னியர் காலிப்பரால் புடைப்பின் முழு உயரத்தை அளந்தோம். பிறகு அதற்குச் செங்குத்தாக, வட்டப் பகுதியின் விட்டத்தை அளந்தோம். இரண்டின் வித்தியாசமே தூக்கும் அளவு. இங்கே ஒரு வேடிக்கை. சாதாரணத் தண்டில் உயரம் 36.2 மி.மீ., விட்டம் 30.0, தூக்கல் 6.2. 'பந்தய'த் தண்டில் உயரம் 35.2தான், ஆனால் விட்டம் 28.5, தூக்கல் 6.7! உயரம் குறைந்தும் தூக்கல் கூடிவிட்டது. பழைய தண்டையே சாணை பிடித்து வேறு வடிவம் கொடுத்திருக்கிறார்கள். உயரத்தை மட்டும் பார்ப்பவர் அதைத் தேய்ந்துபோனதென்று ஒதுக்கிவிடுவார்.

அடுத்து, தண்டின் முனையில் ஒரு பாகைமானியைப் பொருத்தி, தட்டை நுனியுள்ள டயல் கேஜைப் புடைப்பின்மேல் வைத்து, மெல்லச் சுழற்றினோம். முள் சற்றே அசையும் இடத்திலிருந்து மீண்டும் அதே இடத்துக்கு இறங்கும்வரை முதல் தண்டு 120 பாகை சுழன்றது, இரண்டாவது 145. கிராங்க் கணக்கில் இவை 240, 290 பாகைகள்.

இந்த 50 பாகை எதற்கு? நிமிடத்துக்கு 6000 சுற்றில் 240 பாகை என்பது 6.7 மில்லி வினாடி. 290 என்றால் 8. காற்றுக்கும் நிறை உண்டு, நிலைமம் உண்டு. பிஸ்டன் அடிமட்டத்தைத் தாண்டி மேலே திரும்பிய பிறகும், வேகமாக வரும் காற்று உள்ளே புகுந்துகொண்டே இருக்கும். எனவே வால்வு தாமதமாக மூடினால் லாபம். ஆனால் நிமிடத்துக்கு 2000 சுற்றில் காற்றுக்கு அந்த வேகம் இல்லை. வால்வு 70 பாகை தாமதமாக மூடினால், அதற்குள் பிஸ்டன் தன் பாதையில் ஏறக்குறையக் கால் பங்கு மேலே வந்துவிடும். உள்ளே வந்த கலவையில் ஒரு பகுதியைத் திரும்ப வெளியே தள்ளிவிடும். 50 பாகை என்றால் ஏழில் ஒரு பங்குதான் ஏறியிருக்கும்.

காட்ரோட்டைத் தாண்டிக் கொண்டை ஊசி வளைவில் இரண்டாம் கியரில் திணறும் வண்டிக்கு 6000 சுற்று எங்கே கிடைக்கும்? கொடைக்கானல் உயரத்தில் காற்றின் அடர்த்தியே ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இருக்கிற காற்றையும் வெளியே விட்டால் எப்படி?

விலை குறைந்ததையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. ஒரே வகைப் புடைப்புகளின் உயரம் ஒத்திருக்கிறதா? உச்சியில் குழி, உரசல் தடம் உண்டா? மேற்பரப்பின் கடினத் தோல் மெல்லியது. அது போனால் தேய்மானம் வேகமாகும். ஒவ்வொரு டேப்பெட்டும் தன் புடைப்போடு சேர்ந்து தேய்ந்திருக்கும். ஆகவே பழைய டேப்பெட்டுகளை இடம் மாற்றிப் போடலாகாது. வரிசை தெரியாவிட்டால் புதியவை போடுவதே நல்லது.

முதல் தண்டின் எட்டுப் புடைப்புகளும் சுத்தமாக இருந்தன. பந்தயத் தண்டில் மூன்றாவது புடைப்பின் உச்சியில் மிளகளவு குழி ஒன்று. மாணவர் அதைச் சாக்கில் திரும்பச் சுற்றினார். முதல் தண்டுக்கு எண்ணெய் தடவி, எட்டு புதிய டேப்பெட்டுக்குச் சொல்லி அனுப்பினார்.