பீச் தோட்டம் சித்தூரில் காய்க்குமா?

புது தில்லி: கோடை பிறந்ததும் தில்லி ஆசாத்பூர் மண்டிக்குத் தெற்கிலிருந்து ஆந்திர மாம்பழமும், வடக்கிலிருந்து ஹிமாசலப் பிரதேசத்தின் பீச் பழமும் வந்து சேர்கின்றன. மாம்பழத்துக்குப் பெயர்பெற்ற சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் பீச் பயிரிட முடியுமா?

கடந்த 2025-ம் ஆண்டில் சித்தூர் விவசாயிகளுக்கு நேர்ந்ததைப் பார்த்தால், இக்கேள்வி எழுவது இயல்பே. அவ்வாண்டு தோத்தாபுரி மாம்பழத்தின் விலை கடுமையாகச் சரிந்தது. கிலோவுக்கு மாங்கூழ் ஆலைகள் ரூ. 8, மாநில அரசு மானியமாக ரூ. 4 என ரூ. 12 தர ஏற்பாடு செய்யப்பட்டது. சந்தைத் தலையீட்டுத் திட்டத்தின் கீழ் செலவில் ஒரு பகுதியை ஏற்க மத்திய அரசும் முன்வந்தது.

ஆனால், பீச்சின் இயல்பு வேறு. குளிர்காலத்தில் இலை உதிர்த்து உறங்கும் இம்மரம், 7 டிகிரி செல்சியஸுக்கும் குறைந்த குளிரைப் போதிய நேரம் பெற்றால்தான் வசந்தத்தில் ஒழுங்காகப் பூக்கும். மலைப்பகுதி ரகங்கள் பலவற்றுக்கு 600 மணி நேரத்துக்கு மேல் குளிர் தேவை. தோலில் மென்மயிர் இல்லாத நெக்டரினும் பீச் இனமே என்பதால், அதற்கும் குளிர் இன்றியமையாதது.

குறைந்த குளிரில் காய்க்கும் ரகங்களும் உண்டு. அமெரிக்காவின் புளோரிடாவில் உருவான "புளோர்டா பிரின்ஸ்' ரகத்துக்குச் சுமார் 150 மணி நேரம் போதும். இத்தகைய ரகங்களை லூதியானாவிலுள்ள பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைத்ததால், பஞ்சாப் சமவெளிக்கும் பீச் இறங்கி வந்தது.

எனினும், திருப்பதியிலும் சித்தூரிலும் மார்கழி இரவுகூட 7 டிகிரியைத் தொடுவதில்லை. தமிழகத்தில் பீச் விளையும் கொடைக்கானலும் உதகையும் 2,000 மீட்டருக்கும் அதிக உயரத்தில் உள்ளன. மதனப்பள்ளி அருகேயுள்ள ஹார்ஸ்லி குன்றின் உயரமோ சுமார் 1,250 மீட்டர்தான்.

வெப்பப் பகுதியில் நட்ட பீச் கன்று உடனே பட்டுவிடாது. தழைத்து வளரவும் கூடும். அது சரிவரக் காய்க்காது என்பது ஓரிரு ஆண்டுகள் கழிந்த பின்னரே தெரியவரும். எனவே, கன்று வாங்குவோர் முதலில் கேட்க வேண்டியது, அந்த ரகத்துக்கு எத்தனை மணி நேரக் குளிர் தேவை என்பதையே.

சித்தூர் மாவுக்கு அந்த மண்ணும் மிதமான குளிரும் ஒத்துப்போகின்றன. விவசாயியை வீழ்த்தியது விலைதான். மரத்தை மாற்றுவதால் அது தீராது.