வரவேற்பறையில் ஒரு மலையேற்றம்

“கொல்லிமலைக்குச் சைக்கிள்ல ஏறப்போறியா? உங்க ஊர்ல மலையே கிடையாதே கண்ணு!”

நாமக்கல்லிலிருந்து தொலைபேசியில் பேசிய அப்பா சிரித்தார். அவர் சொன்னதில் தவறில்லை. சிங்கப்பூரில் ஆக உயரமான இடம் புக்கிட் தீமா குன்று. அதன் உயரமே சுமார் 163 மீட்டர்தான். கொல்லிமலைச் சாலையிலோ 70 கொண்டை ஊசி வளைவுகள். வரும் டிசம்பர் விடுமுறையில் நான் மிதித்து ஏற, அப்பா காரில் பின்னால் வருவதாக ஏற்பாடு.

வானொலியில் மாலை நிகழ்ச்சி முடித்து வீடு திரும்ப இரவு ஒன்பதாகிவிடும். அதனால் என் பயிற்சியெல்லாம் வீவக வீட்டின் வரவேற்பறையில்தான். 2020ல் ‘சர்க்கிட் பிரேக்கர்’ காலத்தில் வாங்கிய பழைய ‘இன்டோர் டிரெய்னர்’ இன்னும் உழைக்கிறது. சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, சட்டத்தை அந்தக் கருவியின் அச்சில் பூட்டி மிதிக்க வேண்டும். ஏற்றத்துக்கு ஏற்ப மிதிப்பது கடினமாகும். ஆனால் சைக்கிள் மட்டும் சமதரையில் நிற்பதுபோலவே நிற்கும். உண்மையான ஏற்றத்தில் உடல் பின்னால் சரியும், இடுப்பு கூடுதலாக உழைக்கும். அது இதில் பழகாது.

இந்தக் குறையைப் போக்கவே முன்பக்கத்தை ஏற்றி இறக்கும் கருவிகள் வந்தன. ‘வாஹு’ நிறுவனம் 2017ல் அறிமுகப்படுத்திய ‘கிக்கர் கிளைம்ப்’ 20 விழுக்காட்டு ஏற்றம்வரை உயர்த்தும், 10 விழுக்காட்டு இறக்கம்வரை தாழ்த்தும். அதேபோன்ற ஒரு கருவியை நண்பரிடமிருந்து மலிவாக வாங்கினேன். என் டிரெய்னருக்கு அது பொருந்துமா என்று கேட்கத் தோன்றவில்லை.

மூன்றாம் இரவில் ‘கிரீச்’ என்று ஒரு சத்தம். நிறுத்திப் பார்த்தால், பின் அச்சை இறுக்கும் நெம்புகோல் தளர்ந்திருந்தது. சட்டத்தில் அச்சு அமரும் இடத்தில் சாயம் உரிந்து, பிறை வடிவில் உலோகம் பளபளத்தது. என் நான்கு வயது மகள் இரண்டடி தள்ளி அமர்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். நெம்புகோல் முழுவதும் கழன்றிருந்தால் சைக்கிளும் நானும் எந்தப் பக்கம் விழுந்திருப்போம் என்று நினைத்தபோது கை நடுங்கியது.

கீல் இல்லாத கதவு

மேல்மாடியில் வசிக்கும் மாமா, கப்பல் பட்டறையில் பல்லாண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பார்த்ததும் சொல்லிவிட்டார்: “கதவுக்குக் கீல் போடாம ஆணி அடிச்சுட்டு, தொறந்து தொறந்து மூடினா என்ன ஆகும் தம்பி?”

சைக்கிளின் இரு சக்கர மையங்களுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மீட்டர் தூரம். முன்பக்கம் 10 சென்டிமீட்டர் உயர்ந்தால் சுமார் 10 விழுக்காட்டு ஏற்றம். அப்போது பின் அச்சைச் சுற்றிச் சட்டம் ஏறக்குறைய 6 பாகை திரும்ப வேண்டும். என் டிரெய்னரின் அச்சுமுனைகளோ திரும்பாதவை. அதனால் ஒவ்வோர் ஏற்ற இறக்கத்திலும் சட்டம் அச்சின்மீது அரைபட்டது. என்னுடையது அலுமினியச் சட்டம் என்பதால் சாயத்தோடு போயிற்று. கார்பன் சட்டமாக இருந்தால் விரிசல் விட்டிருக்கலாம் என்றார் மாமா.

தேவைப்பட்டது, சட்டத்தோடு சேர்ந்து தடையின்றித் திரும்பும் அச்சு. சுங்கை ரோடு பழைய பொருள் சந்தை இருந்திருந்தால் அங்கே போயிருப்போம். அது 2017ல் மூடப்பட்டுவிட்டது. தேக்காவில் தேநீர் குடித்துவிட்டு, ஜாலான் புசார் பக்கமுள்ள வன்பொருள் கடைகளில் ஏறி இறங்கினோம். இரண்டு சிறிய பேரிங்குகள் கிடைத்தன. மாமாவின் பழைய நண்பர் ஒருவர் தம் பட்டறையில் கடைசல் வேலை செய்து கொடுத்தார்.

முதல் முயற்சி பலிக்கவில்லை. நெம்புகோலை இறுக்கியதும் அச்சு மறுபடியும் அசையாமல் நின்றது. இறுக்கும் விசை முழுவதும் பேரிங்கின்மேல் விழுந்ததுதான் காரணம். இரண்டாம் முறை, உட்குழிவான அச்சுக்குள் ஒரு குழாயை நுழைத்தோம். அதன் இரு முனைகளிலும் சட்டம் அமரும்; இறுக்கும் விசையைக் குழாயே தாங்கும்; குழாய் திரும்ப மட்டும் பேரிங் உதவும். முனைகள் கருவியின் உடலில் உரசாதிருக்க, தாளின் கனத்துக்கு இடைவெளி விட்டார். சட்டத்தின் இரு பக்கங்களுக்கும் இடையே இருக்கவேண்டிய 130 மில்லிமீட்டர் அளவை மட்டும் மூன்று முறை அளந்தார்.

பிறகு அச்சுமுனையிலும் கருவியின் உடலிலும் ஒரே நேராகச் சுண்ணாம்புக்கோடு போட்டு, ஆள் ஏறாமல் முன்பக்கத்தை உயர்த்திப் பார்த்தோம். அச்சுமுனையின் கோடு சட்டத்தோடு விலகியது, உடலின் கோடு நின்ற இடத்திலேயே நின்றது. அதன் பிறகுதான் என்னை ஏறவிட்டார்.

உங்களுக்கு ஒரு வார்த்தை

இதை யாரும் அப்படியே செய்ய வேண்டாம். கைதேர்ந்தவர் துணையின்றி அச்சில் கைவைப்பது ஆபத்து. கருவிக்கான உத்தரவாதமும் போய்விடலாம். ஏற்றி இறக்கும் கருவி வாங்குமுன், உங்கள் டிரெய்னரின் அச்சு சட்டத்தோடு திரும்பும் வகையா, தயாரிப்பாளரின் பொருத்தப் பட்டியலில் அது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் செலவில்லாத வழி ஒன்று உண்டு. முன்சக்கரத்தின் கீழ் உறுதியான, சக்கரம் உருளாத கட்டையை வைத்து உயர்த்திவிட்டு, அதன் பிறகு பின் அச்சை இறுக்குங்கள். கோணம் மாறாதவரை அச்சும் அரைபடாது. கட்டையை மாற்றும்போதெல்லாம் இறங்கி, தளர்த்தி, மறுபடி இறுக்க வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது ஒவ்வோர் இரவும் ஏறுமுன் நெம்புகோலையும் சுண்ணாம்புக்கோட்டையும் பார்க்கிறேன். மகளின் வரைபடத் தாள்கள் அறையின் மறுமூலைக்குப் போய்விட்டன. நேற்று அப்பா அழைத்து, “எத்தனாவது வளைவுல இருக்கே?” என்று கேட்டார்.

“இன்னும் வரவேற்பறையிலதான்பா,” என்றேன். “ஆனா இப்ப ஏற்றம் தெரியுது.”