முகம் வேறு, இன்ஜின் ஒன்று

காரைக்கால் பகுதியின் திருமலைராயன்பட்டினத்துக் குடும்பங்களுக்கு வெளிநாடு புதிதல்ல. மகன் வளைகுடாவில், சித்தப்பா சிங்கப்பூரில், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள உறவினர் பாரிஸில். ஸ்மார்ட்போன் பரவாத 2000-களில் இப்படிப்பட்டவர்களைப் பேசவைத்தது பிரவுசிங் சென்டர்தான். ஆனால் ஒருவர் யாஹூ மெசஞ்சரில் இருப்பார், இன்னொருவர் எம்எஸ்என்-இல். இரண்டுக்கும் தனித்தனி மென்பொருள்.

இந்தத் தலைவலிக்குத் திறமூலக்காரர்கள் கண்ட மருந்துதான் லிப்பர்பிள்.

1998-இல் அமெரிக்காவின் ஆபர்ன் பல்கலைக்கழக மாணவர் மார்க் ஸ்பென்சர் எழுதிய கெய்ம் என்ற அரட்டை மென்பொருளில் தொடங்கிய கதை இது. பின்னால் வந்தவர்கள் அதை இரண்டாகப் பிரித்தார்கள். யாஹூ, எம்எஸ்என் சர்வர்களோடு பேசும் வேலை ஒரு பொது லைப்ரரிக்கு, அதாவது பல செயலிகள் பகிரும் நிரல் தொகுப்புக்கு. திரையில் ஜன்னல் வரைவது தனி. பட்டினச்சேரி மீனவர்கள் ஒரே ரக இன்ஜினை ஆளுக்கொரு படகில் பூட்டிக்கொள்வதைப் போலத்தான். ஏஓஎல் நிறுவனத்தோடு பெயர் தகராறு வர, 2007-இல் கெய்ம் பிட்ஜின் ஆனது. லைப்ரரிக்கு லிப்பர்பிள் என்று பெயர் விழுந்தது. மேக் கணினிக்கான அடியம், கறுப்புத் திரையில் ஓடும் ஃபிஞ்ச், பிரவுசரிலேயே இயங்கிய மீபோ, பாம் நிறுவனத்தின் வெப்ஓஎஸ் போன் என்று எல்லாவற்றுக்குள்ளும் அதே லைப்ரரி.

இதன் லாபமும் ஆபத்தும் 2009-இல் அடுத்தடுத்துத் தெரிந்தன. யாஹூ உள்நுழையும் முறையை மாற்றியதில் பலருக்கு லாகின் ஆகவில்லை. ஜூனில் வந்த 2.5.7 பதிப்பில் புதிய முறை சேர்ந்தது. லைப்ரரியில் ஒருமுறை திருத்தினால் போதும், பூட்டியிருப்பவர்கள் எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டே மாதத்தில் எம்எஸ்என் பகுதியில் ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டது. அது பிட்ஜினை மட்டுமல்ல, அடியத்தையும் பாதித்தது. இன்ஜின் பொதுவென்றால் கோளாறும் பொதுதானே! ஆனாலும் ஆளாளுக்கு எழுதி ஆளாளுக்கு ஓட்டை விடுவதைவிட இது மேல்.

எம்எஸ்என் போனது, 2017-இல் ஏஓஎல் மெசஞ்சர், 2018-இல் யாஹூ. நிரலைப் பகிர்ந்துகொள்ளும் பழக்கம் மட்டும் போகவில்லை. நம் கையிலுள்ள வாட்ஸ்அப்பில் செய்திகளைப் பூட்டிவைப்பது சிக்னல் குழுவின் திறமூல நிரல்தான். இந்தியத் தன்னார்வலர்கள் உருவாக்கிவரும் பிரவ் அரட்டைச் செயலியும் புதிதாக எழுதப்பட்டதல்ல. ஜெர்மானியர் ஒருவர் எழுதிய கான்வர்சேஷன்ஸ், அதிலிருந்து பிறந்த குவிக்சி ஆகியவற்றின் நிரலை எடுத்து வளர்த்தது. கூட்டுறவுச் சங்கமாக, பயனர்களே உரிமையாளர்களாக நடத்த வேண்டும் என்பது அவர்கள் திட்டம்.

காரைக்கால் பகுதியில் திருவேட்டக்குடி என்ஐடி முதல் பல கல்லூரிகளில் மாணவர்கள் இறுதியாண்டு ப்ராஜெக்டுக்குத் தலைப்பு தேடுகிறார்கள். லிப்பர்பிளின் மூலநிரல் இலவசமாகக் கிடைக்கிறது. இன்னொரு அரட்டைச் செயலியைப் புதிதாகச் செய்வதற்குப் பதில், லிப்பர்பிளுக்கு ஒரு செருகுநிரல் எழுதிப் பாருங்கள்.