கேள்வியே பாதிக் கிணறு

பாலக்காட்டிலும் இடுக்கியிலும் தமிழக எல்லையை ஒட்டி நடந்த ஆய்வுகள், ஆய்வு முன்மொழிவு எழுத உட்காரும் மாணவருக்குச் சொல்லித் தருவது என்ன?

"மூணாறு தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர்களின் வாழ்வியல் - ஓர் ஆய்வு." முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யவிருக்கும் ஒரு மாணவி இந்தத் தலைப்போடு நெறியாளரைப் பார்க்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். தலைப்பில் அக்கறை இருக்கிறது. ஊர் இருக்கிறது. மக்கள் இருக்கிறார்கள். இல்லாதது ஒன்றுதான்: கேள்வி.

'வாழ்வியல்' என்ற ஒரு சொல்லுக்குள் கூலி, வீடு, சாதி, கல்யாணம், காய்ச்சல், பள்ளிக்கூடம், முருகன் கோயில் திருவிழா அத்தனையும் அடங்கிவிடும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ம் ஆண்டு விதிகள் முனைவர் பட்டத்துக்கு வழக்கமாகத் தருவது குறைந்தது மூன்று ஆண்டுகள், அதிகபட்சம் ஆறு. ஆறும் ஓடிவிடும், வாழ்வியல் முடிந்திருக்காது.

ஆய்வு முன்மொழிவு - கல்லூரி வட்டாரத்தில் 'சினாப்சிஸ்' - என்பது பலருக்கு ஒரு சடங்கு. முன்னுரை, நோக்கம், கருதுகோள், முந்தைய ஆய்வுகள், ஆய்வு முறை, கால அட்டவணை, செலவு என்று தலைப்புகளை வரிசையாக எழுதி, சீனியரின் பிரதியைப் பார்த்து நிரப்பிவிடுவார்கள். உண்மையில் அது ஒரு வாக்குறுதி. எனக்கு இது தெரியவில்லை. தெரிந்தால் இன்ன பயன். கண்டுபிடிக்க இன்ன வழி. இத்தனை நாள் ஆகும். இந்த நான்கில் முதலாவது சரியாக அமைந்தால் மற்றவை பின்னாலேயே வந்துவிடும். அமையாவிட்டால் எத்தனை பக்கம் எழுதினாலும் பயனில்லை.

கேள்விக்கு எவ்வளவு எடை உண்டு என்று பார்க்க, மூணாறிலிருந்து வடக்கே பாலக்காடு மாவட்டத்துக்குப் போக வேண்டும்.

ஒரே ஊர், நான்கு கேள்விகள்

சித்தூர் தாலுகா, பெருமாட்டி பஞ்சாயத்து, பிளாச்சிமடை. தமிழும் மலையாளமும் கலந்து பேசும் எல்லையோரக் கிராமம். 2000-ல் இங்கே கோக-கோலா ஆலை ஓடத் தொடங்கியது. கிணறுகளில் நீர் இறங்கிவிட்டது, இருக்கிற நீரும் வாயில் வைக்க முடியவில்லை, அதில் சோறு சரியாக வேகவில்லை என்று பக்கத்துக் குடியிருப்புகளின் பெண்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். 2002 ஏப்ரல் 22 அன்று ஆலை வாசலுக்கு எதிரே போராட்டம் தொடங்கியது. எரவாளர் பழங்குடியைச் சேர்ந்த மயிலம்மா அதன் முகமானார்.

பஞ்சாயத்து 2003-ல் லைசென்சைப் புதுப்பிக்க மறுத்தது. வழக்கு கேரள உயர்நீதிமன்றம் போனது. அங்கே நடந்ததுதான் ஆய்வு மாணவர்கள் கவனிக்க வேண்டியது. 2003 டிசம்பரில் தனி நீதிபதி கேட்ட கேள்வி: இந்தத் தண்ணீர் யாருடையது? நிலத்தடி நீர் பொதுச் சொத்து, நிலம் வைத்திருக்கிறார் என்பதற்காக ஒருவர் அளவில்லாமல் உறிஞ்ச முடியாது என்பது விடை. 2005 ஏப்ரலில் இருவர் அடங்கிய பெஞ்ச் கேட்டது வேறு கேள்வி: எவ்வளவு எடுத்தால் பூமி தாங்கும்? கோழிக்கோட்டு நீர்வள ஆய்வு மையத்தினர் இடம்பெற்ற நிபுணர் குழுவின் அறிக்கையை வைத்து, மழை இயல்பாகப் பெய்தால் நாளொன்றுக்கு ஐந்து லட்சம் லிட்டர் எடுக்கலாம் என்று விடை வந்தது.

கிணற்றடியில் குடத்தோடு நின்ற பெண்களின் கேள்வி இந்த இரண்டுமே அல்ல. மிச்சமிருக்கிற தண்ணீரைக் குடிக்க முடியுமா என்பதுதான் அவர்கள் கேட்டது. அது நீரியல் கேள்வி அல்ல, வேதியியல் கேள்வி. உரம் என்று சொல்லி விவசாயிகளுக்குத் தரப்பட்ட ஆலைக் கழிவைப் பி.பி.சி. 2003-ல் இங்கிலாந்தின் எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தில் சோதிக்கக் கொடுத்தபோது அதில் காட்மியமும் காரீயமும் இருப்பது தெரியவந்தது. பின்னர் மாநில அரசு அமைத்த உயர்நிலைக் குழு நான்காவது கேள்வியைக் கேட்டது: நஷ்டம் எவ்வளவு? 2010-ல் அது சொன்ன தொகை 216.26 கோடி ரூபாய்.

நான்கு விடைகளில் எதையும் பொய் என்று தள்ள முடியாது. ஒவ்வொன்றும் தன் கேள்விக்கு மட்டும் விடை. நீர்மட்டத்தை அளக்கும் முறையால் தண்ணீரின் ருசியை அளக்க முடியாது. சட்டப் புத்தகத்தில் காட்மியம் தெரியாது. 2004 மார்ச்சில் நின்ற ஆலை பிறகு ஓடவில்லை. மீண்டும் திறக்கும் எண்ணமில்லை என்று நிறுவனம் 2017-ல் உச்சநீதிமன்றத்தில் சொல்லிவிட்டது. நஷ்ட ஈட்டுத் தீர்ப்பாயத்துக்காகக் கேரள சட்டமன்றம் 2011-ல் நிறைவேற்றிய மசோதாவுக்கோ குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. நல்ல கேள்வி நியாயத்தையும் கையோடு கூட்டிவரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

கேள்வியை மாற்றி ஜெயித்ததும் இதே மாவட்டத்தில்தான். மன்னார்க்காடு தாலுகாவின் அமைதிப் பள்ளத்தாக்கில் குந்திப்புழையின் குறுக்கே அணை கட்டி 120 மெகாவாட் மின்சாரம் எடுக்க மின்வாரியம் திட்டமிட்டது. காட்டைக் காக்க வந்தவர்கள் சிங்கவால் குரங்கைப் பற்றிப் பேசினார்கள். "குரங்கு பெரிதா, மனிதன் பெரிதா?" என்று எதிர்த்தரப்பு மடக்கியது. விலங்கியல் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது.

கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் 1979-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. தாவரவியல் பேராசிரியர் எம்.கே.பிரசாத், பொறியாளர் எம்.பி.பரமேஸ்வரன், பொருளாதார அறிஞர் கே.பி.கண்ணன் உள்ளிட்ட ஐந்து பேர் எழுதியது. காடு முக்கியமா என்பதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. மலபாரின் மின்தேவைக்கு இந்த அணைதான் வழியா என்று மின்வாரியத்தின் சொந்தக் களத்திலேயே கேட்டார்கள். அதற்கு இன்ஜினியரும் வேண்டியிருந்தார், பொருளாதாரம் தெரிந்தவரும் வேண்டியிருந்தார். யாரைச் சேர்த்துக்கொள்வது என்பதைக்கூடக் கேள்விதான் முடிவு செய்தது. எம்.ஜி.கே.மேனன் குழுவின் பரிசீலனைக்குப் பின் 1983-ல் திட்டம் கைவிடப்பட்டது. மறு ஆண்டே அது தேசியப் பூங்கா.

லயத்தில் இல்லாதவர்கள்

இனி மூணாறு மாணவியிடம் திரும்பலாம். 'வாழ்வியலை' எப்படிச் சுருக்குவது?

தோட்டத்தில் வீடு வேலையோடு ஒட்டியது. கொழுந்து எடுக்கும்வரைதான் லயத்தில் இடம். 1951-ம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளிக்கு வீடு தருவதை நிர்வாகத்தின் கடமையாக்கியது. வேலை போன பிறகு அவர் எங்கே போவார் என்பது அதன் கவலையல்ல. ஓய்வு பெற்றதும் வீட்டைக் காலி செய்ய வேண்டும், அல்லது மகனோ மருமகளோ தோட்டத்தில் பேர் பதிய வேண்டும். பிளஸ் டூ முடித்த பெண், அம்மாவின் வீட்டைத் தக்கவைக்கக் கூடையைத் தோளில் மாட்டிய கதை மலையில் சாதாரணம். ஆக, ஒரு கேள்வி பிறக்கிறது: ஓய்வு பெற்ற தொழிலாளியின் குடும்பத்தில் யார் தோட்டத்தில் தங்குவது, யார் இறங்குவது என்பதை எது தீர்மானிக்கிறது? சொந்த ஊரில் நிலம் இருப்பதா, மகளின் படிப்பா, கடனா?

இதற்கு விடை தேடலாம். விடை தவறாகவும் போகலாம். அதுதான் நல்ல கேள்விக்கு அடையாளம். "தொழிலாளர்கள் துன்பப்படுகிறார்கள்" என்ற கருதுகோள் ஒருபோதும் தோற்காது. ஆகவே அது கருதுகோளே அல்ல.

அடுத்தது முறை. மாணவி இரண்டு எஸ்டேட்டுகளில் வீடு வீடாகப் போய் விவரம் சேகரிக்கலாம் என்று நினைப்பார். சிக்கல் அங்கேதான். இறங்கிப் போனவர்கள் லயத்தில் இருக்க மாட்டார்கள். அவர்கள் போடியிலோ, தென்காசிப் பக்கம் ஏதாவது ஊரிலோ, திருப்பூர் பனியன் கம்பெனி லைன் வீட்டிலோ இருப்பார்கள். லயத்தில் மட்டும் எண்ணினால் "பெரும்பாலோர் தங்கிவிடுகிறார்கள்" என்ற முடிவு தானாக வந்துவிடும். எனவே கடந்த ஐந்தாண்டுகளில் ஓய்வு பெற்றவர்களின் பட்டியலை முதலில் தேடி, அந்தப் பெயர்களைப் பின்தொடர்ந்து மலை இறங்க வேண்டும். பட்டியலை நிர்வாகம் தராவிட்டால்? தொழிற்சங்கத்திடம் கேட்பதா, லயத்துப் பெரியவர்களின் நினைவிலிருந்து திரட்டுவதா? இந்த மாற்று வழியை முன்மொழிவிலேயே எழுதிவிட்டால் தேர்வுக்குழு நிமிர்ந்து உட்காரும்.

யாரிடம் கேட்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். 2015 செப்டம்பரில் மூணாறில் பெண் தொழிலாளர்கள் 20 சதவீத போனஸ் கேட்டுத் தொழிற்சங்கத் தலைவர்களையே ஓரங்கட்டிவிட்டு வீதிக்கு வந்தார்கள். 'பெம்பிளை ஒருமை' என்று அந்தப் போராட்டம் பெயர் பெற்றது. அதற்கு முந்தைய மாதம் சங்க அலுவலகங்களில் மட்டும் பேட்டி எடுத்திருந்த ஆய்வாளரின் குறிப்பேட்டில் இந்தக் கோபத்தின் சுவடு இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

சொற்களின் வரையறையும் சாதாரண விஷயமல்ல. மாநில எல்லைகளை வரைந்த 1955-ம் ஆண்டுக் குழு தேவிகுளம், பீர்மேடு பற்றி யோசித்தபோது, தமிழர்களில் பலர் தோட்ட வேலைக்கு வந்து போகிறவர்கள், நிலையாகக் குடியிருப்பவர்கள் அல்லர் என்ற வாதம் எடைபோட்டது. தாலுகாக்கள் கேரளத்துக்குப் போயின. 'குடியிருப்பவர்' என்றால் யார்? மூன்று தலைமுறையாக லயத்தில் இருந்தும் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இல்லாதவரை எந்தக் கட்டத்தில் எழுதுவது? முன்மொழிவில் வரையறை என்ற தலைப்பின் கீழ் வரும் இரண்டு வரியை மாணவர்கள் அகராதியிலிருந்து நகலெடுக்கிறார்கள். இந்த எல்லைக்காரர்களுக்கு அந்த இரண்டு வரியின் விலை தெரியும்.

இந்த மண்ணிலிருந்தே போய் ஆய்வு செய்தவர் உண்டு. பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த ஜெயசீலன் ராஜ், நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழகத்தில் மானிடவியலில் முனைவர் பட்டம் பெற்றார். தேயிலை விலை சரிந்து தோட்டங்கள் கைவிடப்பட்டபோது அங்கிருந்த தலித் குடும்பங்களுக்கு என்ன நேர்ந்தது என்பது அவர் எடுத்துக்கொண்ட விஷயம். 'பிளாண்டேஷன் கிரைசிஸ்' என்ற நூலாக 2022-ல் வந்தது. வேலை தேடி வெளியே போனவர்களைச் சாதி எப்படி எதிர்கொண்டது என்பதை அதில் காணலாம். உள்ளூர்க்காரராக இருப்பது பெரிய வசதி. பெரிய ஆபத்தும்கூட: எல்லாம் தெரியும் என்ற நினைப்பில், கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டுவிடுவோம்.

சொந்த ஆய்வு புதியதா என்று பார்க்க இப்போது வசதி அதிகம். காந்திநகரில் உள்ள இன்ஃபிளிப்நெட் மையத்தின் சோத்கங்கா தளத்தில் முடிந்த ஆய்வேடுகள் கிடைக்கின்றன. அதன் துணைத் தளமான சோத்கங்கோத்ரியில் பதிவான முன்மொழிவுகளையே படிக்கலாம். பார்த்து எழுதுவதற்கல்ல, 2018 விதிகளின்படி ஆய்வேட்டில் பத்து சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போனால் தண்டனை உண்டு. முந்தைய ஆய்வுகள் பகுதி இருபது பெயர்களின் ஊர்வலமாக இருக்க வேண்டியதில்லை. அவர்கள் எதைக் கேட்காமல் விட்டார்கள் என்று இரண்டு பக்கத்தில் சொன்னால் போதும்.

கால அட்டவணையை மலையைப் பார்த்துப் போட வேண்டும், காலண்டரைப் பார்த்து அல்ல. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மழை விடாது, ரோடு இருக்குமா என்பதே சந்தேகம். கொழுந்து அதிகமுள்ள மாதங்களில் பெண்கள் பொழுது சாய்ந்துதான் வீடு திரும்புவார்கள், வந்ததும் அடுப்பு. ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கும் இடத்தில் பேச்சுக் கொடுக்கலாம். பொங்கலுக்குப் பாதி லயம் ஊருக்குப் போயிருக்கும் - இறங்கிப் போனவர்களைத் தேடும் ஆய்வுக்கு அதுவே நல்ல நேரம்.

கடைசியாக வரும் ஆய்வு அறத்தைப் பலர் ஒரு கையெழுத்துப் படிவத்தோடு முடித்துக்கொள்கிறார்கள். நிர்வாகத்தின் அனுமதியோடு, பீல்டு ஆபீசர் பக்கத்தில் நிற்க எடுக்கும் பேட்டியில் வாங்கும் சம்மதம் சம்மதமாகுமா? பேட்டி கொடுத்தவர் யார் என்று ஆய்வேட்டைப் படித்த மேலாளருக்குத் தெரிந்துவிட்டால், போவது மாணவியின் பட்டமல்ல, அந்தக் குடும்பத்தின் வீடு. பெயரை மாற்றினால் மட்டும் போதாது. எஸ்டேட்டின் பெயர், வயது, பிள்ளைகளின் எண்ணிக்கை மூன்றும் சேர்ந்தால் ஆள் தெரிந்துவிடும்.

2020 ஆகஸ்ட் 6 இரவு ராஜமலை அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. எழுபது பேர் போனார்கள். அவர்களில் நால்வரின் உடல் கிடைக்கவேயில்லை. இப்படி எல்லாம் இழந்தவர்களின் எதிரே நோட்டுப் புத்தகத்தோடு உட்காரும் ஆய்வாளர், அன்றிரவு நடந்ததைத் திரும்பச் சொல்லச் சொல்வதற்கு முன், தன் கேள்விக்கு அது வேண்டுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். வீட்டுக்கும் வேலைக்கும் உள்ள முடிச்சைப் பற்றிய ஆய்வுக்கு வேண்டாம்.

ஆய்வேடு பெரும்பாலும் ஆங்கிலத்தில் போகும். அரசுக் கோப்புகள் மலையாளத்தில். பேசியவர்கள் தமிழில் பேசினார்கள். கண்டதை நான்கு பக்கத் தமிழில் எழுதி அந்த லயங்களில் படித்துக் காட்டுவதையும் கால அட்டவணையில் ஒரு வாரமாகச் சேர்க்கலாம். "இது தப்பு, அப்படி நடக்கலை" என்று யாராவது ஒரு பாட்டி சொல்லக்கூடும். அதைத் திருத்த நேரம் மிச்சமிருக்கும்படி அந்த வாரத்தை மூன்றாம் ஆண்டின் தொடக்கத்திலேயே வைத்துக்கொள்வது நல்லது. ஜெராக்ஸ் கூலியையும் போடிமெட்டு வழியாக மூணாறு போய்வரும் பஸ் கட்டணத்தையும் செலவுப் பட்டியலில் மறக்காமல் எழுதலாம்.