குழந்தையின் விடையும் பெரியோரின் வினாவும்

ஒத்த இரு கண்ணாடிக் குவளைகளில் சம அளவு நீர் இருக்கிறது. நான்கு வயதுக் குழந்தையின் கண்முன்னே ஒன்றிலுள்ள நீரை ஒடுங்கி உயர்ந்த வேறொரு குவளையில் ஊற்றி, ‘எதில் நீர் அதிகம்?’ என்று வினவினால், அது பெரும்பாலும் உயர்ந்த குவளையையே சுட்டும். சுவிற்சர்லாந்து நாட்டு உளவியலறிஞர் ஜீன் பியாஜே (1896–1980) செய்த புகழ்பெற்ற பரிசோதனை இது. ஏறக்குறைய ஏழு வயதளவிலேயே இதில் தெளிவு பிறக்கிறது என்பது அவர் கண்ட முடிபு.

‘தவறு’ என்று அதட்டப்பட்ட பிள்ளை மறுமுறை தன் எண்ணத்தைச் சொல்லாது. பெரியோரின் முகக்குறிப்பிலேயே விடையைத் தேடும். அதற்கு மாறாக, ‘எப்படி அறிந்தாய்?’ என்று அன்போடு கேட்டு, நீரைப் பழைய குவளையில் மீண்டும் ஊற்றிப் பார்க்க விடுதல் வேண்டும். சரியான விடைக்கும் இவ்வினா உரியதே. பிழைக்கு மாத்திரம் கேட்டால், வினாவே கண்டனமாகிவிடும்.

ஒரு நாள் அதே வினாவைப் பிள்ளை தந்தையிடம் திருப்பிக் கேட்கும். அன்று அவர் சினவாது காரணங் கூறல் வேண்டும். சொல்பவர் எவராயினும் சொல்லின் உண்மையை ஆராய்க என ‘அறிவுடைமை’ அதிகாரத்தில் வள்ளுவர் காட்டிய நெறி, அவ்வீட்டில் அன்றே வேரூன்றும்.