கொல்லையில் கால் சென்ட் சம்பங்கி: கிழங்கு வாங்கும் முன் வேரைப் பாருங்கள்!

குளிர் நாட்டுப் பூக்கிழங்குகள் இப்போது வண்ணப்படம் போட்ட உறைகளில் சிறு நகரங்களுக்கும் வந்துவிட்டன. மஞ்சள் நிறத்தில் எக்காளம் போலப் பூக்கும் டாஃபோடில் அவற்றில் ஒன்று. ஆசைப்பட்டு வாங்கி, வீட்டு வாசலில் நட்டுப் பார்ப்பவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் இலை மட்டுமே. இதில் வளர்த்தவரின் குறை எதுவும் இல்லை. மேற்கு ஐரோப்பாவைத் தாயகமாகக் கொண்ட இந்தக் கிழங்கு, மண்ணுக்குள் சுமார் 12 முதல் 16 வாரங்கள் கடுங்குளிரை அனுபவித்தால்தான் பூந்தண்டை நீட்டும். நம் சமவெளியில் மார்கழிப் பனியும் அதற்குப் போதாது. குளிரூட்டி விற்கப்பட்ட கிழங்கு முதல் முறை ஒரு பூ காட்டினாலும், மறு வருடம் அதுவும் இருக்காது. கிழங்கு பார்வைக்கு வெங்காயம் போலவே இருக்கும், ஆனால் நஞ்சு கொண்டது. குழந்தைகளும் ஆடு மாடுகளும் புழங்கும் வீட்டில் இதைக் கவனிக்க வேண்டும்.

கிழங்கு நட்டுப் பூப்பறிக்க வேண்டும் என்ற ஆசைக்கு நம் மண்ணில் நன்றாக ஈடுகொடுப்பது நிலச்சம்பங்கிதான். இதுவும் வெளிநாட்டிலிருந்து வந்ததே. ஆனால் இதன் தாயகமான மெக்சிகோ நம்மைப் போலவே வெயில் காயும் பூமி என்பதால் இங்கே வேரூன்றிவிட்டது. சத்தியமங்கலம், நிலக்கோட்டை, தோவாளை என எந்தப் பூச்சந்தைக்குப் போனாலும் மல்லிகைக்கு அடுத்து கண்ணில் படுவது சம்பங்கிக் குவியல்தான். மாலை கட்ட இதை விட்டால் வேறு பூ இல்லை என்னும் அளவுக்கு நிலைத்துவிட்டது.

வீட்டுக் கொல்லையில் இதை வளர்ப்பது எளிது. ஆனால் கிழங்கோடு கூடவே வீட்டுக்குள் வரும் ஒரு விருந்தாளியைப் பற்றித் தெரியாமல் நட்டுவிட்டால், சம்பங்கி மட்டுமல்ல, பக்கத்துப் பாத்தியில் இருக்கும் தக்காளி, கத்தரி, வெண்டையும் சேர்ந்து கெடும். அதனால் நடவுமுறைக்கு முன்பாகக் கிழங்கைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

கிழங்கோடு வரும் நூற்புழு

கண்ணுக்குத் தெரியாத வேர்முடிச்சு நூற்புழுதான் அந்த விருந்தாளி. இது வேருக்குள் புகுந்து சாற்றை உறிஞ்சும். புகுந்த இடத்தில் வேர் வீங்கி முடிச்சு முடிச்சாக மாறும். மண்ணில் ஈரமும் உரமும் இருந்தும் செடியால் எடுத்துக்கொள்ள முடியாது. இலை வெளுக்கும், செடி குட்டையாகும், பூந்தண்டு மெலிந்து பூவின் எண்ணிக்கை குறையும். இதை உரக்குறைவு என்று நினைத்து மேலும் மேலும் யூரியா போடுவதுதான் பல வீடுகளில் நடக்கிறது. காசு போகுமே தவிர, செடி தேறாது.

இந்தப் புழு பரவும் வழிகளில் முக்கியமானது நடவுக் கிழங்கு. மூன்று நான்கு வருடம் ஒரே இடத்தில் நின்று, மகசூல் குறைந்துபோன பழைய தோட்டத்தை அழிக்கும்போதுதான் கிழங்கு மலிவாகக் கிடைக்கும். மகசூல் ஏன் குறைந்தது என்று கேட்காமல் மூட்டையாக வாங்கி வருகிறோம். கிழங்கில் ஒட்டிய மண்ணிலும் வேரிலும் இருக்கும் புழு, புது இடத்தில் குடியேறிவிடுகிறது. ஒருமுறை மண்ணுக்குள் வந்துவிட்டால் அதை அடியோடு ஒழிக்க முடியாது. கட்டுக்குள் வைக்கத்தான் முடியும். காய்கறிப் பயிர்கள் பலவற்றையும் வாழை, மஞ்சளையும் இது தாக்கும் என்பதால், கொல்லைக் காய்கறியை நம்பி இருக்கும் குடும்பத்துக்கு இது சிறிய நஷ்டம் அல்ல.

எனவே கிழங்கு எடுக்கப்போகும் தோட்டத்தைச் செடி நிற்கும்போதே போய்ப் பார்ப்பது நல்லது. நான்கைந்து இடங்களில், வாடலாகத் தெரியும் தூர்களாகப் பார்த்து, மண்வெட்டியால் கிளறி எடுத்து வேரைத் தண்ணீரில் கழுவிப் பார்க்க வேண்டும். நிலக்கடலை வேரில் இருக்கும் நல்ல முடிச்சை விரலால் தேய்த்தால் உதிர்ந்துவிடும். நூற்புழு முடிச்சு உதிராது, வேரே வீங்கியிருக்கும். ஒரு தூரில் இப்படி இருந்தாலும் அந்தத் தோட்டத்துக் கிழங்கு வேண்டாம். கிலோவுக்குச் சில ரூபாய் கூடுதலாகக் கொடுத்து வேறு இடத்தில் வாங்குவதே லாபம்.

எந்த ரகம்?

சம்பங்கியில் ஓரடுக்கு, பல அடுக்கு என இரு வகை உண்டு. உதிரிப்பூவாகப் பறித்து மாலை கட்டவும் விற்கவும் ஓரடுக்குதான் ஏற்றது. வாசனையும் இதில்தான் அதிகம். மெக்சிகன் சிங்கிள், பிரஜ்வல், சிருங்கார் ஆகியவை இந்த வகை. பிரஜ்வல் ரகத்தின் மொட்டில் லேசான இளஞ்சிவப்பு ஓடும், பூ கனமாக இருக்கும். சிருங்கார் வேர்முடிச்சு நூற்புழுவை ஓரளவு தாங்கும். இவை இரண்டும் பெங்களூரு இந்திய தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் வெளியீடுகள். அதே நிறுவனத்தின் சுவாசினி, வைபவ் ஆகியவை பல அடுக்கு ரகங்கள். இவை தண்டோடு வெட்டி ஜாடியில் வைக்கவும் மேடை அலங்காரத்துக்கும் உகந்தவை. வீட்டுப் பூஜைக்கும் பக்கத்துப் பூக்கடைக்கும் என்றால் ஓரடுக்கே போதும்.

எவ்வளவு இடம், எவ்வளவு கிழங்கு?

வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி (45 செ.மீ.), செடிக்குச் செடி முக்கால் அடிக்குச் சற்றுக் குறைவாக (20 செ.மீ.) என்பது பரிந்துரை. இந்தக் கணக்கில் ஒரு சென்டுக்கு சுமார் 450 கிழங்கு தேவை. ஒவ்வொன்றும் 25 முதல் 30 கிராம் எடை இருக்க வேண்டும். அதாவது சென்டுக்கு சுமார் 11 முதல் 13.5 கிலோ. முதன்முதலில் நடுபவர்கள் 100 கிழங்கோடு தொடங்கினால் போதும். இதற்கு சுமார் 3 கிலோ கிழங்கும், கால் சென்டுக்கும் குறைவான இடமும் ஆகும். அடுத்த முறைக்கான கிழங்கு இதிலிருந்தே கிடைத்துவிடும்.

எடை குறைந்த சிறு கிழங்கில் முதல் பருவத்தில் இலைதான் வரும். அவற்றைத் தூக்கி எறியாமல் தனி வரிசையில் நட்டுப் பெருக்க வைத்து, அடுத்த பருவத்துக்குப் பயன்படுத்தலாம். தோண்டிய கையோடு நடுவதும் சரியல்ல. மண்ணை உதிர்த்து, பழைய வேரையும் காய்ந்த இலையையும் நீக்கி, நிழலில் பரப்பி ஒரு மாதம் ஓய்வு கொடுத்த பிறகே நட வேண்டும். அழுகலைத் தவிர்க்க அவ்வப்போது புரட்டிவிடுவது அவசியம்.

மண்ணும் நடவும்

நாள் முழுக்க வெயில் விழும் இடம் சிறந்தது, குறைந்தது ஆறு மணி நேரமாவது வெயில் வேண்டும். தென்னை, மா நிழலில் நட்டால் இலை செழிக்கும், பூ வராது. செம்மண், வண்டல் எதுவானாலும் தண்ணீர் தேங்காத இடமாக இருக்க வேண்டும். பாத்திரம் கழுவும் தண்ணீர் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் மூலை இதற்கு ஆகாது.

ஜூன், ஜூலை மாதங்கள் நடவுக்கு ஏற்றவை. முன்பு தக்காளி, கத்தரி நின்ற இடமாக இருந்து அவற்றின் வேரில் முடிச்சு இருந்திருந்தால், கோடையிலேயே மண்ணைத் தயார் செய்ய வேண்டும். ஏப்ரல், மே வெயிலில் மண்ணைக் கொத்தி, நன்றாக நனைத்து, நிறமில்லாத பாலிதீன் விரிப்பால் மூடி, ஓரங்களை மண்ணால் அடைத்து 4 முதல் 6 வாரம் விட்டுவிட்டால், மேல் மண்ணில் இருக்கும் நூற்புழு, பூஞ்சணம், களை விதை எல்லாம் சூட்டில் பெருமளவு குறையும். கறுப்பு விரிப்பைவிட நிறமில்லாத விரிப்பே மண்ணை அதிகம் சூடாக்கும்.

அடியுரமாக சென்டுக்கு 100 கிலோ மக்கிய தொழு உரமும் 4 கிலோ வேப்பம் புண்ணாக்கும் இட்டுக் கொத்திவிட வேண்டும். 10 கிலோ தொழு உரத்தில் 100 கிராம் ட்ரைக்கோடெர்மா விரிடியைக் கலந்து, லேசாக ஈரப்படுத்தி, சில நாள் நிழலில் வைத்திருந்து தூவினால் அழுகல் நோய்க்குக் காப்பு. கிழங்கை லிட்டருக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலந்த கரைசலில் அரை மணி நேரம் வைத்திருந்து, நிழலில் உலர்த்தி நடலாம்.

பார் அமைத்து, கிழங்கின் நுனி மண்ணுக்குச் சுமார் ஒரு அங்குலம் கீழே இருக்கும்படி நட வேண்டும். நடவுக்கு ஈரம் வேண்டும். அதன்பின் முளை வரும்வரை தண்ணீரைக் குறைத்துக்கொள்வது முக்கியம். அக்கறையாகத் தினமும் ஊற்றுவதால் அழுகும் கிழங்குதான் அதிகம். முளைத்த பிறகு மண்ணைப் பொறுத்து வாரம் ஒருமுறை பாய்ச்சினால் போதும்.

உரமும் பராமரிப்பும்

ஹெக்டேருக்குத் தழை, மணி, சாம்பல் சத்து தலா 200 கிலோ என்பது பரிந்துரை. சென்ட் கணக்கில் இது யூரியா ஒன்றே முக்கால் கிலோ, சூப்பர் பாஸ்பேட் 5 கிலோ, பொட்டாஷ் ஒன்றேகால் கிலோவுக்குச் சற்று அதிகம். சூப்பர் பாஸ்பேட்டை அடியுரமாகவே போட்டுவிடலாம். யூரியாவையும் பொட்டாஷையும் மூன்றாகப் பிரித்து, நடவின்போதும், 60 மற்றும் 90ஆம் நாளிலும் இட்டு மண் அணைக்க வேண்டும். ரசாயன உரம் வேண்டாம் என்பவர்கள் தொழு உரம், மண்புழு உரத்தை மாதம் ஒருமுறை இடலாம்.

மொட்டைத் துளைக்கும் புழுவுக்கும் இலைப்பேனுக்கும் 5 சதவிகித வேப்பங்கொட்டைக் கரைசல் போதும். அரை கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, வடிகட்டி 10 லிட்டராக்கி, சிறிது காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்கலாம். செடியின் அடிப்பகுதி அழுகி, அங்கே வெண்ணிறப் பூஞ்சணமும் கடுகு போன்ற பழுப்பு உருண்டைகளும் தெரிந்தால் அது தண்டழுகல். அந்தத் தூரைச் சுற்றியுள்ள மண்ணோடு எடுத்து அப்புறப்படுத்தி, ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன் வடிகாலைச் சரிசெய்ய வேண்டும்.

சம்பங்கி வரிசையை அடுத்து ஒரு வரிசை துலுக்க சாமந்தி நடுவது நல்ல பழக்கம். அதன் வேரில் சுரக்கும் பொருள் நூற்புழுவைக் குறைக்கும். பூவும் ஒரு வரவு.

எவ்வளவு கிடைக்கும்?

நட்ட மூன்று, மூன்றரை மாதத்தில் முதல் பூ வரும். ஆனி கடைசியில் நட்டால் தீபாவளியையொட்டி எதிர்பார்க்கலாம். தண்டின் அடியிலிருந்து மேலாகத் தினம் ஒரு ஜோடி என்ற கணக்கில் பூக்கள் விரியும். உதிரிப்பூவை வெயில் ஏறுவதற்கு முன் அதிகாலையில் பறிக்க வேண்டும். தண்டோடு வெட்டுவதானால், அடிப்பூ ஒன்றிரண்டு விரிந்ததும் வெட்டலாம்.

ஒரு கிழங்கு ஒருமுறைதான் பூக்கும். அதைச் சுற்றி உருவாகும் பக்கக் கிழங்குகள் அடுத்தடுத்துப் பூப்பதால்தான் தூர் தொடர்ந்து பூக்கிறது. இரண்டு வருடம் கழிந்ததும் தூரில் நெரிசல் கூடி, பூ சிறுத்துவிடும். அப்போது தோண்டிப் பிரித்து வேறு இடத்தில் நடவேண்டும்.

நல்ல பராமரிப்பில் ஹெக்டேருக்கு வருடம் 15 டன் வரை உதிரிப்பூ கிடைக்கும். சென்டுக்கு இது 60 கிலோ. கொல்லையில் அவ்வளவு வராவிட்டாலும் கணக்கை அறிந்துவைத்திருப்பது நல்லது. 60 கிலோவே வந்தாலும் நாளுக்கு சராசரி 160 கிராம்தான். இதை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் பஸ் ஏறினால் டிக்கெட் காசு தேறாது. தெருவில் பூக்கட்டி விற்பவர், ஊர்க்கோயில், பக்கத்துக் கடை என்று நடந்து போகும் தூரத்தில் விற்றால்தான் கையில் நிற்கும். முகூர்த்தம் இல்லாத ஆடி, மார்கழியில் விலை இறங்கும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வரவை நம்பிக் கடன் வாங்கிச் செய்யும் வேலை அல்ல இது. வீட்டுப் பூச்செலவு மிச்சமாகி, கைச்செலவுக்குச் சில்லறை வரும்.

ஒரு வருடம் நல்லபடியாகப் பூத்தபின் பெரிய லாபம் கிழங்கில் இருக்கிறது. வேரில் முடிச்சு இல்லாத, திடமான தூர்களில் பூக்கும்போதே அடையாளக் குச்சி நட்டுவைத்து, அவற்றின் கிழங்கை மட்டும் விதைக்கு எடுக்க வேண்டும். நோயில்லாத கிழங்கு கைவசம் இருக்கும் வீட்டுக்கு, மறுபடி வெளியே போய் மூட்டை வாங்கும் அவசியமும் இல்லை, கத்தரிப் பாத்தியைப் பற்றிய கவலையும் இல்லை. அக்கம்பக்கத்தில் கேட்பவர்களுக்குக் கொடுக்கும்போதும் வேரைக் கழுவிக் காட்டிக் கொடுத்தால், அவர்கள் கொல்லையும் தப்பும்.